நடுக்கோடையில் பூந்தோட்டத்தை ஆற அமர ரசிப்பது எப்படி?

சங்குப்பூக்கொடி:

வணக்கம். வீட்டுக்குப் பின்புறம் சின்னதாக ஒரு பூந்தோட்டம் வைத்திருக்கிறேன், இது மூன்றாவது கோடை. தரையில் ரோஜா நான்கு, செம்பருத்தி இரண்டு, குண்டுமல்லி ஒன்று. தொட்டிகளில் ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, டேபிள் ரோஸ். வேலியில் ஒரு சங்குப்பூக் கொடி, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகிறது. பூவுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் நான் ஒரு பத்து நிமிடம் சும்மா இருந்ததாக நினைவில்லை.

காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்துவிட்டு ஓட்டமாக ஒரு சுற்று, பழுத்த இலையைப் பறிப்பது, களை பிடுங்குவது, பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பது, அதற்குள் வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிடும். சரி, விடுமுறை நாளில் நிதானமாகப் பார்க்கலாம் என்று பதினொரு மணிக்கு வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது, செடிகள் எல்லாம் தலை தொங்கி நிற்கின்றன, அதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், ஆறு வயது. ஜினியா தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "சித்தி, இந்தப் பூவுக்குள்ள குட்டிக் குட்டியா மஞ்சள் நட்சத்திரம் இருக்கு" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். சிவப்பு இதழ்களுக்கு நடுவே ஒரு மேடு, அந்த மேட்டைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் மஞ்சள் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை, குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று வருடமாக இந்தச் செடியை வளர்க்கிறேன், ஒரு நாளும் இது என் கண்ணில் பட்டதில்லை. அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கேட்க வந்தது இதுதான். கொளுத்துகிற நடுக்கோடையில் நீங்கள் எல்லாம் உங்கள் தோட்டத்தை எப்போது, எப்படி ரசிக்கிறீர்கள்? வேலையைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கிறதா? மத்தியானம் தொங்கிப்போகும் செடிகளை அப்படியே விட்டுவிடலாமா?

அந்திநேரம்:

உங்கள் அக்கா மகள் செய்ததைத்தான் நானும் சொல்லப் போகிறேன். முதலில் தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். பூவாளிக்குப் பக்கத்தில் வேண்டாம், கையை நீட்டினால் ஒரு வேலையும் அகப்படாத இடமாகப் பார்த்துப் போடுங்கள். நான் பன்னிரண்டு வருடமாகப் பூச்செடி வளர்க்கிறேன், அதில் முதல் ஐந்து வருடம் உங்களைப் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தேன், நாற்காலி போட்ட பிறகுதான் தோட்டம் எனக்குக் கிடைத்தது.

அடுத்தது நேரம். கோடையில் பதினொரு மணி என்பது தோட்டத்துக்குப் போகிற நேரமே இல்லை. அந்த வெயிலில் தேனீக்கள்கூட வரத்தைக் குறைத்துக்கொள்கின்றன, மணம் வீசும் பூக்கள் பலவும் அடங்கிக் கிடக்கின்றன, நாம் மட்டும் போய் என்ன பார்க்கப் போகிறோம்? கோடைத் தோட்டத்துக்கு இரண்டே வேளைதான். பொழுது விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம்.

ஒவ்வொரு பூவுக்கும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் ரசிப்பது தானாக வரும். உங்களிடம் இருக்கும் செம்பருத்தியும் சங்குப்பூவும் பெரும்பாலும் ஒரு நாள் பூக்கள், காலையில் விரிந்தால் சாயங்காலத்துக்குள் கதை முடிந்துவிடும். டேபிள் ரோஸ் வெயில் மேலே பட்டால்தான் விரியும், மேகம் மூடினால் மூடிக்கொள்ளும். குண்டுமல்லி மொட்டு பொழுது சாய்ந்த பிறகுதான் அவிழும், வாசம் இரவில்தான் ஓங்கும். 1751-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர், எந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, எத்தனை மணிக்குக் குவிகிறது என்று பட்டியல் போட்டு, பூக்களை வைத்தே மணி சொல்லலாம் என்று எழுதினார். அந்தப் பட்டியல் அவர் ஊர்த் தட்பவெப்பத்துக்கானது, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு பட்டியலை நீங்களே ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். நான் எழுதினேன். எந்தச் செடிக்கு எப்போது போய் நிற்க வேண்டும் என்று அதன் பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பட்டியலில் அந்திமந்தாரை இல்லை. கட்டாயம் வையுங்கள். சாயங்காலம் நான்கு, ஐந்து மணி வாக்கில் விரிய ஆரம்பித்து மறுநாள் காலை வரை இருக்கும். ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் இரண்டு நிறம் கலந்து தெளித்ததும் வரும். தரைக்குள் கிழங்கு வைப்பதால் கோடையைத் தாங்கிக்கொள்ளும். நாம் இதழ் என்று நினைப்பது அதில் இதழே இல்லை, நிறமேறிய புல்லிவட்டம்தான், அதாவது மற்றப் பூக்களில் இதழுக்கு வெளியே பச்சையாக இருக்கும் உறை. ஒரு எச்சரிக்கை, அதன் கறுப்பு விதைகள் பார்க்க மிளகு போலவே இருக்கும், விஷம், அக்கா மகள் வரும்போது கவனம்.

வெளிச்சம் மங்கும்போது இன்னொரு விஷயத்தைப் பாருங்கள், இது எனக்கு மிகவும் பிடித்தது. பகலில் கண்ணைப் பறிக்கிற சிவப்பு ரோஜாதான் முதலில் கறுத்துக் காணாமல் போகும். அது வரைக்கும் சாதுவாக இருந்த சங்குப்பூவின் நீலமும் மல்லிகையின் வெள்ளையும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைக் கைவிட்டு நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. யான் புர்கினே என்ற செக் நாட்டு அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார், இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான். அதனால் சாயங்காலம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையும் வெளிர்நீலமும் இருக்கும்படி தொட்டிகளை மாற்றி வையுங்கள், சிவப்பைக் காலையில் நிற்கிற பக்கம் தள்ளிவிடுங்கள்.

உட்கார்ந்த முதல் பதினைந்து நிமிடம் ஒரு களையைக்கூடப் பிடுங்கக் கூடாது. கை பரபரக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள்.

மண்வாசம்:

தண்ணீர் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது.

மத்தியானம் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை வழியாக நீர் ஆவியாகிப் போகிற வேகத்துக்கு வேரால் உறிஞ்சிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தாலும் இப்படித் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் வாளியைக் கீழே வைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே மேலே மேலே ஊற்றினால் வேருக்குக் காற்று போகாமல் அழுகும், வேர் அழுகிய செடியும் அதேபோலத்தான் தொங்கும், நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். நல்ல செடிகள் பல இப்படித்தான் போகின்றன. விடிகாலையிலும் தொங்கியபடியே நின்று, விரலுக்கு மண்ணும் காய்ந்து பட்டால் அதுதான் உண்மையான தாகம்.

தரையில் இருக்கும் ரோஜா, செம்பருத்திக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், மண் வாகைப் பொறுத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். வேர் கீழே போகும், கோடையைத் தாங்கும். தொட்டிகள் வேறு கதை, அவற்றுக்குத் தினமும் தேவைப்படலாம். அடி ஓட்டையில் தண்ணீர் வரும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றியதும் விறுவிறுவென்று கீழே வந்துவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள், மண் காய்ந்து சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிட்டது. அந்தத் தொட்டியை ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்திருங்கள், மண் மறுபடி உப்பிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட வேலையைக் குறைப்பது மூடாக்கு. காய்ந்த இலைச் சருகை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு. ஈரமும் நிற்கும், களையும் அடங்கும். நீங்கள் காலையில் களை பிடுங்குகிற நேரம் முழுக்க மிச்சம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் இருந்தால் மேற்கு வெயில் படாதபடி மற்ற தொட்டிகளுக்குப் பின்னால் நகர்த்துங்கள், பக்கவாட்டில் சூடேறி வேர் வெந்துபோகும். மண்தொட்டி குளிர்ச்சிதான், ஆனால் அதன் சுவர் வழியாகவும் நீர் ஆவியாவதால் சீக்கிரம் காயும்.

உங்கள் ரோஜாப்பூ இப்போது சிறுத்து, நிறம் வெளுத்து வந்தால் கவலைப்பட வேண்டாம். சூட்டில் நிறமிகள் குறைந்து போகும், மொட்டும் அவசரமாக விரிந்துவிடும். உரம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வெயிலில் தவிக்கிற செடிக்கு உரம் கூடுதல் சுமை. வெயில் தணிந்ததும் பழைய பூ வரும்.

இலைகளில் மணல் தெளித்தாற்போல் வெளிறிய புள்ளிகளும் அடியில் நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும். இரண்டு மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் கட்டுப்படும், மருந்துக்கு ஓட வேண்டாம்.

வண்டுதேடி:

அந்தக் குழந்தை பார்த்தது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா! ஜினியாவை நாம் ஒரு பூ என்று சொல்கிறோம், அது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம். வெளியே இதழ் மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவில் அவள் எண்ணிக்கொண்டிருந்த ஒவ்வொரு மஞ்சள் நட்சத்திரமும் தனிப் பூ. செண்டுமல்லி, காஸ்மாஸ், சூரியகாந்தி எல்லாமே இந்தக் குடும்பம்தான். அந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் விரியாது, வெளி வளையத்தில் தொடங்கி நாளுக்கு நாள் உள்ளே நகரும். இன்றைக்கு ஒரு ஜினியாவைக் குறித்து வைத்துக்கொண்டு தினமும் பாருங்கள், மேடு உயர உயர வளையம் மேலே ஏறுவது தெரியும். வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் அவசரமாகக் கிளம்பாது, அந்த நட்சத்திரம் ஒவ்வொன்றுக்குள்ளும் உறிஞ்சுகுழலை விட்டுப் பார்த்து ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் போகும். சிறகை மூடித் திறக்கிற வேகத்தைக்கூட எண்ணலாம், அவ்வளவு நேரம் கொடுக்கும்.

டேபிள் ரோஸிலும் ஒன்று பாருங்கள். நன்றாக விரிந்த பூவின் நடுவில் இருக்கும் மகரந்தத்தாள்களை ஒரு புல் நுனியால் மெல்லத் தொடுங்கள், அவை அசைந்து சாயும். பூச்சி வந்து மோதினால் மகரந்தம் அதன்மேல் ஒட்டத்தான் இந்த ஏற்பாடு. அக்கா மகளிடம் காட்டுங்கள், நாள் முழுக்க அங்கேயே இருப்பாள்.

இடம் இருந்தால் ஒரு சூரியகாந்தி. இளம் செடி சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும், இரவில் மறுபடி கிழக்கே வந்து நிற்கும். பூ விரிந்து முற்றியதும் திரும்புவதை நிறுத்திவிட்டுக் கிழக்கையே பார்த்து நிற்கும். ஏன் என்று 2016-ல் 'சயன்ஸ்' என்ற அறிவியல் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. கிழக்கு பார்த்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது, மேற்கே திருப்பி வைத்த பூவைவிட ஐந்து மடங்கு பூச்சிகள் அதைத் தேடி வந்தன. அதனால் நீங்கள் நிற்க வேண்டியது சூரியகாந்திக்குக் கிழக்கே, காலையில்.

விடிகாலையில் சூரியன் படும் முன் போனால் இன்னும் ஒன்று கிடைக்கும். கூடு கட்டாத ஆண் தேனீக்கள் சில வகைகளில் செடித் தண்டை வாயால் கவ்விக்கொண்டே தூங்கும், சில பூவுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். போன கோடையில் ஒரு காஸ்மாஸ் பூவில் ஒன்றைப் பார்த்தேன். பூவோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, முதுகு ரோமத்தில் பனித்துளி. வெயில் தொட்டதும் முதலில் ஒரு கால், அப்புறம் உணர்கொம்பைத் துடைத்தது, அப்புறம் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம், பறக்கும் தசைகளைச் சூடாக்கிக்கொள்கிறது, பிறகு ஒரே எழும்பலில் போய்விட்டது. பத்து நிமிடம் இருக்கும். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை எனக்கு.

கோடையில் அவற்றுக்கும் தாகம். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரிகிற மாதிரி தண்ணீர் விடுங்கள், தினமும் மாற்றுங்கள். பூச்சி மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், அது வேப்பெண்ணெயாகவே இருந்தாலும், தேனீக்கள் வீடு திரும்பிய பிறகு, பூவில் படாமல்.

மண்வெட்டி:

அந்திநேரம் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. வேலை வேறு, ரசிப்பது வேறு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. காலையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு போய் வாடிய பூக்களை வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த நேரம். ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி மூன்றுமே விதை முற்றவிட்டால் இனி எதற்குப் பூப்பது என்று ஓய்ந்துவிடும், வாடியதை வெட்டினால் மறுபடி மொட்டு வைக்கும். பூவை மட்டும் கிள்ளாமல் கீழே இருக்கும் இலைக்கணு வரை தண்டோடு வெட்டுங்கள். ஒவ்வொரு தண்டாகக் கையில் பிடிக்கும்போது பூவைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

இன்னொன்று, வெயிலில் வாடப்போகிற பூக்களில் நாலைந்தை விடிகாலையிலேயே வெட்டி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றினால் ஜினியா ஒரு வாரம் இருக்கும். உச்சிவெயிலில் வெளியே போக முடியாத நேரத்துக்கு மேசைமேல் உங்கள் தோட்டம்.

சங்குப்பூக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மூடாக்கு போட்டாயிற்று. மத்தியானம் ரோஜா தொங்கியபோது விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே ஈரம். வாளியைத் தொடாமல் உள்ளே வந்துவிட்டேன், கஷ்டமாகத்தான் இருந்தது, ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. செண்டுமல்லித் தொட்டி ஒன்றில் மட்டும் தண்ணீர் விறுவிறுவென்று ஓடியது, மண்வாசம் சொன்னபடி ஊற வைத்தேன், கால் மணி நேரம் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது.

நாற்காலியை மல்லிகைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து போனேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து அப்படியே சாய்ந்துவிட்டேன். சிவப்பு ரோஜா முதலில் மங்கியது, சொன்னது போலவே. செம்பருத்தி இருந்த இடமே தெரியவில்லை. கொடியில் குவியத் தொடங்கியிருந்த நாலைந்து சங்குப்பூக்கள் மட்டும் தனியாக நின்றன. பிறகு மல்லிகை மொட்டு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவிழ்வதைப் பார்க்க வேண்டும் என்று. நடுவில் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பியிருப்பேன், திரும்பி வந்தபோது வெளி இதழ் ஒன்று விலகியிருந்தது. வாசம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இப்போது ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா அந்திமந்தாரை விதை ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். இந்த வெயிலிலேயே விதைக்கலாமா, மழைக்குக் காத்திருக்க வேண்டுமா?

அந்திநேரம்:

காத்திருக்க வேண்டாம், சூடான மண்ணில்தான் சீக்கிரம் முளைக்கும். ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளை தெரியும், அது வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் நாற்காலியிலிருந்து இரண்டடி தள்ளி ஊன்றுங்கள், செடி நன்றாகவே பரந்து வளரும். பூ விட்ட பிறகு இருட்டுகிற நேரத்தில் அசையாமல் இருங்கள். பெரிய அந்துப்பூச்சி ஒன்று வரக்கூடும், உட்காராது, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழலை உள்ளே விட்டுக் குடிக்கும். விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள்.